படத்துக்குத் தைத்த திரை

டெக்சாஸிலிருந்து வரும் அட்டைப் பெட்டியை வாப்பா கத்தியால் கீறித் திறந்ததும் முதலில் வெளியே வருவது ஒரு வாசம்தான். சவர்க்காரமும் சொக்லட்டும் புதுத் துவாயும் மாதக்கணக்காகக் கப்பலில் ஒன்றாக அடைபட்டுப் புழுங்கிய அந்த வாசத்தை எங்கள் வீட்டில் எல்லாரும் "மாமாட மணம்" என்போம். சொக்லட்டைக் கடித்தால் சவர்க்காரம் ருசிக்கும், அதையும் நக்கி நக்கித் தின்றோம். இன்றைக்குக் கல்முனையில் ஏதாவது பெரிய கடைக்குள் நுழைந்து அந்த மணம் மூக்கில் பட்டால் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்துவிடுகிறேன். சவர்க்காரத்தின் மேல் பிழையில்லை.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. கராஜில் மோட்டார் திருத்திக்கொண்டிருந்தவர், குலுக்கலில் லொத்தர் விசா விழுந்து அமெரிக்காவுக்குப் போனபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வயலில் உழவு மெசின் ஓட்டிய வாப்பாவால் இரண்டு பெண்களுக்கு வீடு கட்ட முடியாது என்பது ஊருக்கே தெரியும், ஆகவே மூத்தவளான என் ராத்தாவின் வீடு மாமாவின் தலையில் ஏறியது. எங்கள் வளவிலேயே அத்திவாரம் போட்டு, பெட்டி வரும்போதெல்லாம் கொஞ்சம், தவணையாகக் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் என்று சுவர் எழும்பியது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு இன்னும் கலியாணம் இல்லை. "மூத்தவட ஊடு முடிஞ்சா நான் வந்திருவன். கல்முனையில ஒரு கடையப் போட்டுக்கிட்டு இரிக்கிற" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதை உம்மா தொழுது கேட்கும் துஆவில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய குரல் சனிக்கிழமை காலையில் வரும். எங்களுக்குச் சனி காலை பத்து மணி என்றால் அவருக்கு அது இன்னும் முடியாத வெள்ளி இரவு. வாப்பாவின் கைபேசியைக் கூடத்தின் நடுவில் கதிரையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, சுற்றிவர உட்கார்ந்து கேட்போம். பின்னால் ஓயாமல் "டிங்" என்று ஒரு மணி அடிக்கும்; கடைக் கதவைத் திறந்தால் அடிக்கிற மணி. "கொஞ்சம் நில்லுங்க" என்று போனைக் கீழே வைப்பார், யாரோ இங்கிலீசில் சிரிப்பார்கள், திரும்பி வருவார். அந்த ஊரைப் பற்றி அவர் சொல்வது எங்களுக்குக் கதை கேட்பதுபோல இருக்கும். பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை, ஆனால் மழைக்குப் பிறகு குளம் பெருகுவதுபோல நாளுக்கு நாள் பெருகுகிறது, நேற்று மாடு மேய்ந்த தரையில் இன்றைக்கு ஒரே மாதிரியான நூறு கூரை நிற்கிறது, நடந்து போகிறவனைக் கண்டால் பொலிஸ்காரன் காரை நிறுத்தி ஏதும் கோளாறா என்று கேட்கிறான் என்பார். அவருடையது ஊரின் ஓரத்தில், பெற்றோல் அடிக்கும் செட்டோடு சேர்ந்த ஒரு கடை, குத்தகைக்கு எடுத்தது. "ஊரு ஒரு நாளைக்கு நம்மட கடையத் தேடி வரும் மச்சான்" என்று வாப்பாவிடம் சொன்னார். வீடு கட்ட வரும் கூலியாட்கள் விடியமுன் கோப்பிக்கும் ஐசுக்கும் வருவார்கள், வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பவும் வருவார்கள்.

"அப்ப ஜும்ஆவுக்கு?" என்று உம்மா ஒரு தடவை கேட்டார்.

"வெள்ளிக்கிழமைதான் யாவாரம். ஆள் வெச்சிட்டுப் போக ஏலா." வெள்ளி ஜும்ஆத் தொழுகை நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்திருக்காது. உம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு பெட்டியில் அந்தப் படம் வந்தது. மாமா தன்னுடைய கடைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், தலைக்குமேல் நீளமான பெயர்ப்பலகை, பின்னால் கண்ணாடி முழுவதும் விளக்கெழுத்துகள். வாப்பா அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், கதவின் அரைவாசி அளவுக்குப் பெருப்பித்து, தங்கநிறச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். உருவப்படம் தொங்கும் இடத்தில் தொழக்கூடாது என்பது உம்மாவின் பயம். படத்தைக் கழற்றக்கூடாது என்பது வாப்பாவின் பிடிவாதம். கடைசியில் உம்மா பழைய பச்சைச் சேலையில் ஒரு சின்னத் திரை தைத்தார். தொழுகை நேரத்தில் இழுத்து மூடுவது, விருந்தாளி வந்தால் திறப்பது. ஐந்து நேரமும் கீழே நின்று கயிற்றை இழுத்து மாமாவை மூடுவதும் திறப்பதும் என்னுடைய வேலையாயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். வாப்பா பெருவிரல் அடையாளம் வைப்பவர், உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், ராத்தா எட்டாம் வகுப்போடு சமையலறைக்கு வந்துவிட்டாள். பதினொரு வயதில் எனக்கு இங்கிலீசு டியூசனுக்கும் மாமாதான் சொல்லி அனுப்பியிருந்தார். தெருவில் உள்ள பெயர்ப்பலகை, மருந்துப் போத்தல், பிஸ்கட் பெட்டி எல்லாவற்றையும் உரத்து வாசித்துக்கொண்டு திரிவேன், ஒருவரும் கேட்காவிட்டாலும். எனக்குப் பெருமை அதிகம் என்று சொல்வார்கள். அதிகம்தான்.

ராத்தாவின் வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு சம்பந்தம் பேச ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கல்முனையில் சீமெந்து, கம்பி விற்கும் கடை வைத்திருந்தவர்; ஊர் வளர வளர அவரும் வளர்ந்தார். வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மாஷா அல்லாஹ், பெரிய கடைதான். சின்னவ இங்கிலீசு படிக்கிறாவாமே? எங்க, மாமாட கடையில என்ன எழுதியிரிக்கெண்டு வாசி பாப்பம்."

யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தேன்! படம் உயரத்தில் இருந்ததால் பலகையின் பெரிய எழுத்தைத் தவிர மற்றதை நான் அதுவரை கிட்டப் பார்த்ததில்லை. கதிரையில் ஏறி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். வாசித்ததோடு விட்டேனா? சபைக்கு விளங்க வேண்டுமே என்று மொழிபெயர்த்தும் சொன்னேன்.

"குளிர்ந்த பியர். வைன். லொத்தர் டிக்கட்."

என்னுடைய குரல் என் காதில் விழுந்த பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை, அடிவரி ஒன்று பாக்கி இருந்தது. "இருபத்துநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும்" என்று முடிப்பதற்குள் உம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிவிட்டார். அந்த வரி ஒருவர் காதிலும் ஏறவில்லை. மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், ஹறாம் காசிலயா இந்த ஊடு?" என்றார். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய கால் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

அவர்கள் போன பிறகு வாப்பா என்னை அடித்தார். "ஆரு கேட்ட உனக்கிட்ட, தமிழ்லயும் சொல்லச் சொல்லி?" அடிக்கு நடுவில் நான் கேட்டேன், வாப்பாவுக்கு இது தெரியுமா என்று. இன்னும் ஓர் அடி விழுந்தது. பதில் அடுத்த சனிக்கிழமை, கதிரையில் வைத்த போனுக்குள்ளிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

"நான் ஒளிக்கல்ல மச்சான். கடை எடுக்கக்குள்ளயே உங்களுக்கிட்டச் சொன்னன். பெற்றோல்ல ஒண்டுமில்ல, அந்தக் குளிர்பெட்டி இல்லாட்டிக் கடைய மூட வேண்டியான். ஊட்டுல ஒருத்தருக்கும் இங்கிலீசு தெரியா, காசு வரட்டும் எண்டு நீங்கதானே சொன்ன?"

டிங். "கொஞ்சம் நில்லுங்க."

அந்த இடைவெளியில் வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மாமாவிடம், இவளுடைய இங்கிலீசை நிறுத்தப் போகிறேன் என்றார். "நிப்பாட்டிப் பாருங்க" என்றார் மாமா, "மறுகா என்ட ஒரு சதமும் வராது. அவ வாசிச்சது பிழையா? சரியாத்தானே வாசிச்சிரிக்கா." இதை இங்கே எழுதியாக வேண்டும். நான் படித்தது, பட்டம் எடுத்தது, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுப்பது எல்லாம் அந்தக் குளிர்பெட்டியின் காசில்தான். எனக்கு அருவருப்புத் தந்தது பியர் இல்லை. அது அந்தப் போன் வந்ததற்கு நான்காம் நாள், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தது.

மாப்பிள்ளையின் வாப்பா தனியாக வந்தார். சம்பந்தத்தை முறிக்க வருகிறார் என்று உம்மா அழுது முடித்திருந்தார். அவரோ சிரித்துக்கொண்டே கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கி, வெகு தயவாகக் கதைத்தார்.

"குறை இல்லாத மனிசன் ஆரு? நாங்க ஒருத்தர்ர குறைய மூடுற ஆக்கள். வெளிய ஒரு சொல்லுப் போகாது." ஒரு மிடறு குடித்தார். "ஆனா ஊரு கதைச்சா என்ட பொடியனுக்கு ஒரு மதிப்பு வேணும் பாருங்க. அந்த ஊட்டுக்கு மேல ஒரு மாடியும் வந்திட்டெண்டா நல்லம். சீமெந்து, கம்பிக்கு நீங்க அலைய வேணாம். நம்மட கடை இரிக்கிதானே."

மார்க்கம் விலக்கிய ஹறாம் காசில் கட்டிய கீழ்வீட்டில் குடியிருக்க முடியாதவர்களுக்கு, அதே காசில், அவர்களுடைய கடையில் வாங்கிய சீமெந்தில் ஒரு மாடி. இதைக் கேட்டு அவரை எழுப்பி அனுப்புவார்கள் என்று நான் நம்பினேன், எனக்குப் பதினொரு வயது. வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட நல்ல மனசு" என்றார். உம்மா அழுதபடியே சிரித்தார். ராத்தாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவள் அன்று மாலை முழுவதும் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாமாவிடம் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மணி இரண்டு மூன்று தடவை அடித்தது, அவர் யாரையும் நிற்கச் சொல்லவும் இல்லை.

"அப்ப இந்த வருசம் வர ஏலா" என்றார் கடைசியில். "இன்னொரு ரெண்டு மூணு வருசம் இழுக்கணும். சரி. புள்ளட காரியம்தானே."

மாடி எழும்பியது. கலியாணம் நடந்தது. வலீமா விருந்துச் சோறு சாப்பிட்டவர்கள் மாமாவின் படத்தைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள், ஏனென்றால் அதற்குள் உம்மா அந்தப் பச்சைத் திரையைப் பிரித்து, வேறு மாதிரித் தைத்துவிட்டார். பலகையை ஒரு கீற்று, கண்ணாடி எழுத்துகளை ஒரு கீற்று என்று சட்டத்தில் ஆணியடித்து மூடியதில், நடுவில் மாமாவின் முகம் மட்டும் திறந்து கிடந்தது. உருவத்தை மறைக்கத் தைத்த துணி எழுத்தை மறைத்தது. முகத்தைப் பார்த்தபடியே ஐந்து நேரமும் தொழுதார்கள், யாரையும் ஒன்றும் உறுத்தவில்லை. என்னுடைய வேலையும் அதோடு போயிற்று.

இரண்டு மூன்று வருசம் என்றது எத்தனையோ ஆகிப் போன பின்பு, போன வருசம் மாமா ஒரு மாத விடுமுறையில் வந்தார். ராத்தாவின் மாடியில் டியூசன் வகுப்பு வாடகைக்கு இருக்கிறது, வாடகை ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானுக்கு. அதனால் மாமா எங்கள் பழைய கூடத்தில்தான் படுத்தார். அவர் வருவதற்கு முன்தினம் உம்மா படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். தலை முழுவதும் நரைத்து, முதுகு வளைந்து, பெட்டிகளோடு வந்த அந்த மனிதருக்கு எந்த மணமும் இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் இப்போது ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவைத் திறந்தால் "டிங்" என்று ஒரு மணி. மாமா முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார். மணி அடிக்கும், பாதி எழும்புவார், கதவுப் பக்கம் பார்ப்பார், பிறகு உட்காருவார். சோறு பிசைந்துகொண்டிருந்தாலும் எழும்புவார். ராத்தாவின் பிள்ளைகள் அதைப் பார்த்து, வேண்டுமென்றே ஓடிப்போய்க் கதவைத் திறந்து திறந்து விளையாடினார்கள், மச்சானும் சிரித்தார். நான் போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அடி கொடுத்தேன்.

"அந்தக் கடை இப்ப இல்ல மகள்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஊரு தேடி வந்திச்சிதான். வந்து ரோட்ட அகலமாக்கினானுகள், கடை இடிபட்டுப் போச்சி. இப்ப வேற ஒருத்தன்ட கடையில நிக்கிறன்."

"இஞ்சயே இரிங்களன் மாமா."

"இரிந்து?" என்றார். மணி அடித்தது. எழும்பினார்.

அவர் திரும்பிப் போன பிறகு அலுமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்தேன். பச்சைத் துணி கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருந்தது, நனைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உப்புக் காற்றில் மாமாவின் முகம் வெளுத்து, மூக்கும் வாயும் கலங்கிவிட்டன. மூடிக் கிடந்த எழுத்துகள்தான் புதிதாக இருந்தன. பியரையும் வைனையும் தாண்டி, இருபத்துநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும் என்ற அடிவரிக்கு வந்தேன். அந்த ஒரு வரிக்காக ஒருவரும் முக்காட்டால் வாய் பொத்தவில்லை, ஒருவரும் என்னை அடிக்கவில்லை. உரத்து வாசித்த நானும், அது ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

சீதன முறைப்படி இந்தப் பழைய வீடு எனக்கு. என்னுடைய கலியாணப் பேச்சும் வருகிறது, வருகிறவர்கள் மாடி எப்போது என்று கேட்கிறார்கள், நான் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்புகிறேன். படம் இருந்த இடத்தில் ஓர் ஆணியும் சுவரில் வெளுக்காத ஒரு சதுரமும் இருக்கின்றன.

போன சனிக்கிழமை காலை மாமா எடுத்தார். காசு அனுப்ப வேண்டாம், மாடி கட்ட மாட்டேன் என்று சொன்னேன். பின்னால் மணி அடித்தது. "கொஞ்சம் நில்லு மகள்" என்று போனைக் கீழே வைத்தார். யாரோ இங்கிலீசில் சிரித்தார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.