ரூத் டீச்சரின் கடைசி வகுப்பு

பக்கத்து வீட்டில் இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசம் வந்ததும், ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் மருந்துக் கம்பெனிகளின் நெடிக்கு நடுவே, கொரியாவிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த ரூத் டீச்சர் தன் கையாலேயே வெள்ளையடித்துத் தொடங்கிய, இப்போது இல்லாத தகரக்கூரைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்துவிட்டது. கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு டீச்சரின் ஆங்கிலத்தைத் தெலுங்கில் சொல்வது, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த, அப்போது ஒன்பது வயதான என்னுடைய வேலை.

விசா நீட்டிப்பு கிடைக்காது என்று தெரிந்த அன்று, "நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்று இவர்களிடம் சொல்" என்றார் டீச்சர். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர் ஏமன்னாரு?" டீச்சர் என்ன சொன்னார் என்று முன்வரிசை லட்சுமி கேட்டாள்.

"ரேப்பு தொந்தரகா ரம்மன்னாரு" என்றேன், நாளைக்குச் சீக்கிரம் வரச் சொன்னதாக. பிள்ளைகள் தலையாட்டினார்கள். டீச்சர் என்னை நன்றியோடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் பூட்டிய கதவின் முன்னால், தலை படிய வாரிக்கொண்டு, எல்லோரும் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.