பஞ்சு மெத்தையில் பழகியது

“ஏஞ்சாமி, காலேஜுக்குப் போயிப் படிச்சதெல்லாம் புள்ளைங்களுக்குக் குட்டிக்கரணம் சொல்லித் தரத்தானா?”

பி.இ.டி. டீச்சராக நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், பெரியப்பா கேட்டது இது. போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர்.

“குட்டிக்கரணம் இல்லீங்க பெரியப்பா. ஜிம்னாஸ்டிக்ஸ்.”

“பேர மாத்திட்டா, உழுந்தா வலிக்காதா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இவருக்குக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன்... அங்கே ஆரம்பித்தது வினை.

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் பள்ளி. ஜிம்னாஸ்டிக்ஸ் மேட் கிடையாது. ஆனால் சுற்றிலும் மில்கள். கழிவுப் பஞ்சு கேட்டால் தருவார்கள். மூட்டை மூட்டையாக வாங்கி, சாக்குகளில் அடைத்து, ஒன்றோடொன்று தைத்து, முழங்கால் உயரத்துக்கு மெத்தை செய்தோம். எவ்வளவு பெருமை எனக்கு!

வீடியோ பார்த்துப் பார்த்து, பஞ்சில் நானும் போட்டுப் பார்த்துச் சொல்ல, பிள்ளைகள் செய்தார்கள். ஏழாம் வகுப்பு சௌமியா மூன்றே வாரத்தில் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போட்டாள் — பின்பக்கமாகப் பாய்ந்து, கையூன்றிச் சுழன்று எழுவது. அதற்கு முன் பழக வேண்டிய படிகளையெல்லாம் நாங்கள் தொடாமலே தாண்டிவிட்டோம். விழுந்தால்தான் என்ன? பஞ்சுதானே?

போன மாதம் திருச்செங்கோட்டில் போட்டி. நிஜமான மேட். சௌமியா பின்னால் பாய்ந்தாள். முழங்கை மடங்கியது. தலை மோதியது.

கழிவுப் பஞ்சு கையை உள்ளே வாங்கிக்கொள்ளும். முழங்கை மடங்கினாலும் காட்டிக்கொடுக்காது. அத்தனை நாளும் அவள் பழகியது ஒரு தவறை — நான் கைதட்டிக் கைதட்டிப் பழக்கிய தவறை.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால்...

“ஏனுங்க டீச்சர், ஊட்டுல பாயில சாயறதுக்குக்கூட பின்னால கைய வெச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான் சாயறாளுங்க. அவளுக்கு இது ஒண்ணுலதானுங்க ஆசை இருந்துச்சு.”

அவள் அம்மா தறி ஓட்டுகிறவர். சாதாரணமாகவே உரக்கப் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன வாரம் சௌமியா மைதானத்துக்கு வந்தாள். பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கிய மேட்டை விரித்திருந்தேன். அதன் ஓரத்திலேயே நின்றாள்.

“மிஸ், நீங்க ஒருக்கா போட்டுக் காட்டுங்க மிஸ். அப்புறம் நான் போடறேனுங்க.”

கைகளைத் தூக்கினேன். முழங்காலை மடக்கினேன். அப்படியே நின்றேன். நானும் அந்தப் பஞ்சைத் தவிர வேறெதிலும் போட்டதில்லையே!

“உங்களுக்கும் பயமுங்களா மிஸ்?”

“ஆமா.”

அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். “வாரேனுங்க மிஸ்” என்றாள். அதன்பின் வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

வீடியோவில் எல்லாம் இருந்தது. நம் தவறைப் பார்க்கிற கண் மட்டும் அதற்கு இல்லை. சேலத்தில் முறையாகச் சொல்லித்தரும் இடம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். ஏன் போய்க் கேட்கவில்லை? கேட்டால், தெரியாதவள் என்று ஆகிவிடுமே! படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. வீட்டிலேயே முதலில் படித்தவளுக்குக் கொஞ்சம் முற்றிப்போய் வருகிறது. அவதிப்படுவதோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

சௌமியா திரும்ப வருவாளா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நொடியில் வந்த பயம் எத்தனை மாதத்தில் போகும் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துச் சேலம் போய், அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆள் நான்.

சேர்க்கைப் படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன்.