எனக்குக் கேடயம்தான் வேண்டும் என்றேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது. வளர்த்தது நான்கு பேரை. பெற்ற மூன்றும், பெரியவன் துபாய்க்குப் போனபோது என்னிடம் விட்டுப்போன அவன் மகளும். நான்கில் ஒன்றுக்காவது நான் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் வந்ததா என்றால், இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடச் சொன்னேன். எழுதுகிறவள் அந்த நாலாவது ஆள்தான். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். பஸ் பலகையைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி தட்டுகிறாள்.

பெரியவன் துபாயில், மகள் கோயம்புத்தூரில், சின்னவன் சிங்கப்பூரில். தினம் யாராவது ஒருவர் போன் செய்வார்கள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, மழை உண்டா, சரி வச்சிடறேன். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவார்கள். அதைப் பேச்சு என்று நான் சேர்த்துக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் பேத்தி போனை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்காருவாள். அவள் அப்பாவும் அத்தையும் சித்தப்பாவும் அந்தப் போனுக்குள் ஏதோ ஒரு காட்டில் வாளும் வில்லுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆன்லைன் விளையாட்டாம். அவரவர் ஊரிலிருந்தே ஒரே காட்டுக்குள் வந்துவிடலாமாம். ஒருநாள் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அது என் தங்கம். எடுக்காத!"

"போடி, முதல்ல பார்த்தவன் நான்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருங்க, நான் எடுத்துட்டுப் போயிட்டேன்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு தட்டு முறுக்குக்கு அடித்துக்கொண்ட அதே மூன்று குரல். மூன்றையும் ஒன்றாக நான் கடைசியாகக் கேட்டது, என் வீட்டுக்காரர் இவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனபோது. பிறகு இவர் காரியத்துக்குக்கூட ஒருவன் வந்து இறங்கியபோது இன்னொருவன் கிளம்பிவிட்டான். இங்கே என்னடா என்றால் வாராவாரம் கூடுகிறார்கள், என்னை விட்டுவிட்டு.

ஈரக் கையோடு கூடத்துக்குப் போய், "நானும் வர்றேன்" என்றேன்.

"எங்க அப்பாயி?"

"அந்தக் காட்டுக்குத்தான்."

மூன்று நாட்டிலிருந்தும் சிரித்தார்கள். கோயம்புத்தூர் நம் நாடுதான், ஆனால் அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்புக்கு அவளையும் வெளிநாட்டில்தான் சேர்க்க வேண்டும்.

பெரிய போன் மாதிரி பழைய டேப் ஒன்று கிடந்தது. பேத்தி அதில் எனக்கும் விளையாட்டை ஏற்றினாள். முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். எந்த ஆளை எடுக்கிறோமோ அந்த ஆளாகத்தான் உள்ளே நடமாட முடியும். வரிசையாக நிற்க வைத்துக் காட்டினாள். வில்காரி ஒருத்தி, மேலே நாலு விரல் துணி, கீழே நாலு விரல் துணி. மார்கழிப் பனியில் இவள் எப்படிச் சண்டைக்குப் போவாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மண்டை ஓடு செருகிய தடியோடு ஒருவன். சுடுகாட்டு வேலை வேண்டாம், தள்ளு என்றேன். நெருப்பை உள்ளங்கையில் வைத்திருப்பவள், அது பேத்தியுடைய ஆள். இரண்டு வாள்காரன், சின்னவனுடையது. வெள்ளைப் பாவாடை கட்டி, நுனியில் விளக்கு எரியும் குச்சியோடு ஒரு பெண். இடுப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை, அடுத்த காற்றுக்கு விழுந்துவிடுவாள்.

கடைசியில் ஒருவன் நின்றான். கதவு அகலத்துக்கு இரும்புக் கேடயம். காலை அகட்டி ஊன்றியிருந்தான்.

"இவன் என்ன பண்ணுவான்?"

"இது டேங்க் அப்பாயி. எல்லாருக்கும் முன்னாடி நின்னு அடி வாங்கணும். பின்னாடி இருக்கறவங்க மேல அடி விழாம பார்த்துக்கணும். நகரவே கூடாது."

எனக்கு அது போதும். ஒரு குறுவைச் சாகுபடிக்கு, தண்ணீர் எங்களுக்கு என்று ஊரில் பேசி முடித்த பிறகும், மேல் வயல்காரர்கள் மண்வெட்டியோடு மடையை உடைக்க வந்தார்கள். இவர் நீடாமங்கலத்தில் அரிசி ஆலை வேலைக்குப் போயிருந்தார். வயல் எப்போதும் என் பொறுப்புதான். மடை மேல் நான் ஏறி நின்றேன். யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. நகரவில்லை, அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"எனக்குக் கேடயம்தான் வேண்டும்" என்றேன்.

உடனே போனில் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. பெரியவன் ஏற்கெனவே கேடயக்காரனாம். ஒரு குழுவுக்கு ஐந்து பேர், அதில் ஒரு கேடயம்தானாம்.

"அம்மா, நீ ஹீலரா இரு. அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்தறது. எங்ககிட்ட ஹீலரே இல்ல."

"ஏன், நீங்க யாராவது இருக்கறது?"

மகள், "உனக்குத்தாம்மா அது பொருத்தம். எங்களுக்கு ஜுரம் வந்தா நீதானே பார்த்த?" என்றாள்.

எனக்கு மண்டை சுட்டது. கஷாயம் வைத்தது மட்டும்தான் இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. நாற்றங்காலுக்கு விடியலில் போய், நடவாள் சேர்த்து, அறுத்து, அடித்து, அந்த நெல்லில் இவர்களைப் படிக்க வைத்தது யார்? மன்னார்குடி ஹாஸ்டலுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு போனது யார்? இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன், அடுப்பில் பால் பொங்கியது. இறக்கி வைத்துவிட்டு வருகிறேன், டேப்பில் வெள்ளைப் பாவாடை நின்றுகொண்டிருந்தாள், அவள்தான் ஹீலராம்.

"யாருடி அமுக்கினது?"

"அப்பாதான் அமுக்கச் சொன்னாரு" என்றாள் பேத்தி. இப்போது எழுதும்போது, "இது வேணுமா அப்பாயி?" என்று கேட்கிறாள். வேண்டும். எழுதுடி.

அமுக்கினால் அமுக்கியதுதானாம். சரி, உள்ளே போனேன். மறு ஞாயிற்றிலிருந்து என் பெயர் ஹீல் ஆகிவிட்டது. தங்கத்துக்கு அடித்துக்கொள்ளும்போது என் நினைப்பு ஒருவருக்கும் வராது. அடி விழுந்ததும் நாலா பக்கமும், "ஹீல்! ஹீல்! அம்மா ஹீல்!" ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அது உயிர். எனக்குக் கூடுதலாக ஒரு நீலக் கோடு, அது என் கையிலுள்ள மருந்து. கொடுக்கக் கொடுக்க இறங்கும். ஊற நேரமாகும்.

குறைந்த தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எங்கள் ஊரில் முறை வைப்பார்கள். மேலே உள்ள மடையை எல்லாம் மூடி, தண்ணீரைக் கடைசி வயலுக்கு ஓடவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே வருவார்கள். வாய்க்கால் தலைப்பில் இருப்பவனுக்குக் கடைசியில்தான். அவனுக்கு எப்படியும் கிடைத்துவிடும். அவன் எடுத்தது போக மீதி என்று விட்டால் கடைசி வயலுக்குச் சேறுகூட வராது.

அப்படியே செய்தேன். எல்லாருக்கும் பின்னால் வில்லோடு நிற்கும் மகளுக்கு முதலில். பிறகு பேத்தி. பிறகு சின்னவன்.

"அம்மா, என்னைப் பாரு! என்னைப் பாரும்மா!" என்று பெரியவன் துபாயிலிருந்து கத்தினான்.

"இரு. உன் முறை வரட்டும்."

அவன் முறை வருவதற்குள் அவன் செத்துப்போனான். அவன் விழுந்ததும் எதிரே அவனை அடித்துக்கொண்டிருந்த பூதம் எங்கள் மேல் பாய்ந்தது. எல்லாரும் போனோம்.

"அம்மா, தங்கச்சிக்கு ஒரு கீறல்கூட இல்ல. அவளுக்கு எதுக்கு முதல்ல? முன்னாடி நிக்கிறவன் செத்தா எல்லாரும் சாவாங்க. எனக்குத்தான் முதல்ல குடுக்கணும்."

"தலைப்புல இருக்கறவன் எல்லாம் இதையேதான் சொல்லுவான்."

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, கடைமடைக்காரிகிட்ட மாட்டிக்கிட்ட!"

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். பெரியவன் சொல்லச் சொல்ல, எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் கை அங்கேதான் போகிறது. அவன் கத்தக் கத்த இன்னும் பின்னால்தான் போகிறது. யாராவது என்னைப் பார்த்துக் கத்தி நான் மடையைத் திறந்ததாக எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து நான் எழுந்து போய்விட்டதாக நினைத்துக்கொண்டு பெரியவன் பேசினான். "என் கூட வேலை பார்க்கறவன் ஒருத்தன் இருக்கான். ஹீல் பண்றதுல கெட்டிக்காரன். அடுத்த வாரம் மலை அரக்கன். அவனைச் சேர்த்துக்கலாம். அம்மா பேசாம உட்கார்ந்து பார்க்கட்டும்."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவனும் சொல்லவில்லை. ஐந்து பேருக்குத்தான் இடம். அவன் வந்தால் நான் வெளியே. முன்பு போல அடுக்களையிலிருந்து காதைக் கொடுத்துக் கேட்கலாம். கேட்டது போதும் என்றுதானே உள்ளே வந்தேன்? டேப்பைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் யார் போன் செய்தாலும், சாப்பிட்டேன், போட்டேன், மழை இல்லை, வைக்கிறேன் என்று நானே முதலில் வைத்தேன்.

பேத்திக்குத்தான் பொறுக்கவில்லை. "முப்பதாவது படி வந்தா ஒரு தடவை ஆளை மாத்திக்கலாம் அப்பாயி. நீ இப்ப இருபத்தேழு."

"இதை ஏண்டி இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேக்கல."

இவளை நான்தான் வளர்த்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காட்டுப்பன்றி அடித்தால் படி ஏறுமாம். அந்த வாரம் முழுக்க நான் பன்றி அடித்தேன். கையில் இருப்பதோ மருந்துக் குச்சி. அதால் ஒரு பன்றியைச் சாய்ப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். விதைநெல் விஷயமாக வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா பண்றீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். "பன்னி அடிச்சிக்கிட்டிருக்கேன், உட்காரு" என்றேன். உட்காரவில்லை, போய்விட்டாள். ஊரெல்லாம் என்ன சொன்னாளோ.

சனிக்கிழமை முப்பது வந்தது. திரும்ப எல்லா ஆளும் வரிசையில் நின்றார்கள். பாலை முன்கூட்டியே காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். என் விரலாலேயே கேடயத்தின் மேல் அமுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனதும் பெரியவன், "யாரு இது?" என்றான்.

"நான்தாண்டா."

"அம்மா! ஹீலர் எங்க? ரெண்டு டேங்க் ஆகாதும்மா!"

"ஆகாதுன்னா நீ மாத்திக்க."

"நான் எதுக்கு மாத்தணும்?"

"உனக்கு ஜுரம் வந்தப்ப நான் பார்த்தேன்ல? இப்ப நீ பாரு. இல்ல, உன் கூட்டாளியைக் கூப்பிடறதுன்னா கூப்பிட்டுக்க. நான் டேப்பை அணைச்சிடறேன். அப்புறம் ஒருத்தரும் எனக்குப் போன் போட்டுச் சாப்பிட்டியான்னு கேக்க வேண்டாம்."

போன வாரம் அவன் பேசியது என் காதில் விழுந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மாத்தித் தொலைண்ணே. அரக்கன் எவ்வளவு நேரம் காத்திருப்பான்?"

"அந்தப் பாவாடை உனக்கு நல்லாத்தாண்ணே இருக்கும்" என்றான் சின்னவன்.

முப்பதாவது படியை அவன் எப்போதோ தாண்டியிருந்தான். அவனுடைய இரும்பு ஆள் மறைந்து, அந்த இடத்தில் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண் குச்சியோடு நின்றாள். பேத்தி தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மலை அரக்கன் வந்தான். நான் காலை ஊன்றினேன். ஒரு பொத்தானை அமுக்கியபடி வைத்திருக்க வேண்டும், விடக் கூடாது, அவ்வளவுதான் வேலை. கண் மங்கலாக இருந்தால் என்ன, விரல் நடுங்கினால் என்ன? அவன் அடித்தான், நான் நின்றேன். மறுபடி அடித்தான், நின்றேன். பின்னால் அம்பும் நெருப்பும் பறந்தன. என் சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. மருந்து வரவில்லை. பாதிக்குக் கீழே போனது. அப்போதும் வரவில்லை.

"டேய், என்னைப் பாருடா!" என்று கத்திவிட்டேன்.

"இரும்மா" என்றான் பெரியவன். "உன் முறை வரட்டும்."

சிங்கப்பூர் சிரித்தது, கோயம்புத்தூர் சிரித்தது, துபாய் சிரித்ததில் குச்சியைப் பிடிக்கவே ஆளில்லை. நான் விழுந்தேன். எல்லாரும் விழுந்தார்கள். விழுந்த பிறகும் சிரிப்பு ஓயவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்று அடி வாங்கியவள் நான்.

"அடுத்த வாரம் உனக்குத்தாம்மா முதல்ல" என்றான்.

"ஒண்ணும் வேணாம். முறைப்படியே குடு. ஆனா முறையைச் சீக்கிரம் சுத்து."

கூட்டாளியை அவன் கூப்பிடவில்லை. அரக்கன் இன்னும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாலு மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டேன். முன்னால் நிற்பவனுக்கே முதல் மருந்து என்று அந்த விளையாட்டைச் செய்தவன் நிச்சயம் தலைப்பு வயல்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கே, முதல்லேருந்து படி. அவசரப்படாம படி. நான் கத்தினதை எழுதியிருக்க சரி, உங்கப்பன் என்னை உட்கார வைக்கப் பார்த்ததை விட்டுட்டியான்னு எனக்குத் தெரியணும்.