பி.டி. சாரின் பின் சக்கரம்

'டிங்' என்று ஒரு சத்தம். உத்திரமேரூரில் நான் வேலை பார்த்த பள்ளியின் கேட்டருகே, காலை மணி அடிப்பதற்குச் சற்று முன் அது கேட்டால், பி.டி. சார் வந்து இறங்கிவிட்டார், அவருடைய சைக்கிளின் பின் சக்கரத்தில் இன்னொரு போக்ஸ் கம்பி போய்விட்டது என்று பொருள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக மெல்லிய சக்கரங்களில் விர்ரென்று போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கும். வராது. அவர்கள் எல்லோரும் ஒல்லி.

ஒரு பள்ளிக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் குண்டாக இருக்கலாம். கணக்கு வாத்தியார் இருக்கலாம். தலைமை ஆசிரியர் இருந்தால் பதவிக்கு அழகு என்றே சொல்லிவிடுவார்கள். விளையாட்டுச் சொல்லித் தருகிறவர் மட்டும் இருக்கக் கூடாது. எங்கள் பி.டி. சார் இருந்தார். காவாந்தண்டலத்தில் நெல் விளைகிற வீட்டில் பிறந்து, மூன்று வேளையும் சோறாகவே சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ, கழுத்தில் விசில் என்று மைதானத்தின் நடுவில் நின்று ஊதுவார். பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓட வேண்டும். நான் அறிவியல் டீச்சர். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே மைதானம், ஆகவே ஒன்றும் தப்பாது.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளமானவள், ஓடாமல் நின்றுவிட்டாள். "சார், நீங்க ஒரு ரவுண்டு ஓடுங்க. அப்பால நாங்க ஓடறோம்" என்றாள். வகுப்பே சிரித்தது.  மறுநாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "கடலாண்ட ரோட்டுல ஒரு போட்டி வெக்கிறாங்கோ. நீந்தணும், சைக்கிள் மிதிக்கணும், ஓடணும். மூணையும் முடிச்சிட்டு வரேன். முடிக்கலன்னு வெச்சிக்கோ, இந்த விசிலை அந்தப் பொண்ணு கையில குடுத்துட்டு வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக்கினு போயிடறேன்." தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடுங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

நீச்சலுக்குப் பயமில்லை. கிணற்றில் குதித்து வளர்ந்தவர், தண்ணீரில் கட்டையாக மிதப்பார். ஓட்டத்தில் நடந்தாலும் கேட்பாரில்லை. சைக்கிளுக்குத்தான் கெடு. குறித்த நேரத்துக்குள் முடிக்காதவரைக் கயிறு கட்டி நிறுத்திவிடுவார்களாம். ஆக, அவருடைய விசில், வேலை, மானம் மூன்றும் ஒரு சக்கரத்தின் மேல் வந்து உட்கார்ந்தன.

சென்னையிலிருந்த அவருடைய மச்சான் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதி தகடும் பாதி கம்பியுமாக, காற்றைக் கிழிக்கும் சக்கரங்கள். விலையைப் பார்த்தால், அந்தப் பணத்துக்குக் கறவை எருமையே வாங்கலாம். கீழே ஓட்டுபவரின் எடை வரம்பு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான் படித்துவிட்டு வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சார் விடவில்லை. சொன்னேன். "அப்டின்னா அதுல நான் ஒரு காலைத்தான் வெக்கணும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் கடை வைத்திருந்த பாய் ஒரே போடாகப் போட்டார். "சார், கம்மியா கம்பி வெச்ச வீலெல்லாம் ஒல்லியா கீறவங்களுக்கு. ஒங்களுக்குப் பால்காரர் வீலுதான். நாப்பது கம்பி, எல்லாம் தடி." காற்று தடுக்குமே என்று சார் இழுத்தபோது, "டயருக்குள்ள காத்து இருந்தா போதும். வெளியில கீற காத்துக்கு நீங்க இன்னாத்துக்குப் பேஜாராவறீங்க?" என்று முடித்துவிட்டார்.

சாருக்குத் தூக்கம் போனது. ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "டீச்சர், நாப்பது கம்பி சுத்தனா காத்தைக் கடையுமா, கடையாதா?" என்றார். கடையும்தான், மத்து மோரைக் கடைகிற மாதிரி. கம்பி குறைந்தால் ஒடியும், கூடினால் தாமதம். கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். நாற்பது கம்பியைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் மூடிவிட்டால்? சார்ட் பேப்பரில் மூடிப் பார்த்தார். காவாந்தண்டலம் போவதற்குள் கிழிந்து பறந்தது. அட்டையில் மூடினார், ஒரு மழை ஊறவைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பழைய மாணவர்கள் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேனரைக் கட்டினார்கள். சார் கைகூப்பிச் சிரிக்கிறார். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மூன்று போட்டியிலும் வென்று திரும்பிய எங்கள் ஆசானே, வருக!' போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சார் பதறிப்போய் ஓடினார். "இல்ல சார், அடுத்த வாரம் புல்லா முகூர்த்தம். கல்யாண பேனருங்க வந்து எடத்தப் புட்ச்சிக்கும். அதான் முன்னாடியே போட்டு வெச்சிட்டோம்" என்றார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். அவர் முகம் வெளிறிப்போய் நின்றதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

அன்று மாலையே பேனரை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவருடைய மனைவி கோணி ஊசியால் அதைச் சக்கரத்தோடு சேர்த்துத் தைத்தார். "அத்தினி பேரு எதிர்ல தொங்கறதுக்கு இது வூட்டுக்காரர் கூடவே சுத்தட்டும்" என்றாராம். சட்டத்தில் அறைந்த ஓரங்கள் கிழிந்துபோக, மிஞ்சிய துணி பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. முன் சக்கரத்துக்கும் கிடைக்கவில்லையே என்று சார் மிகவும் வருத்தப்பட்டார்.

போட்டியன்று ஒரு வேன் பிடித்துக்கொண்டு ஆசிரியர்கள் சிலரும் சைக்கிள் கடை பாயும் போனோம். தண்ணீரிலிருந்து நடுவாந்தரமாக ஏறி வந்தார். சைக்கிளை எடுத்ததும் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அப்போது கடலிலிருந்து குறுக்குக் காற்று கிளம்பியது பாருங்கள்! எருமை விலைச் சக்கரம் வைத்திருந்த ஒல்லிப் பையன்கள் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இரண்டு சக்கரமும் தகடாக வைத்திருந்த ஒருவர் சவுக்குத் தோப்புக்குள்ளேயே போய்விட்டார். சிலர் இறங்கி உருட்டினார்கள். எங்கள் சார் மட்டும் அம்மி நகர்கிற மாதிரி நேராக வந்தார். திறந்த முன் சக்கரத்தின் வழியே காற்று தன் பாட்டுக்குப் போயிற்று. பின் சக்கரத்தைத் தள்ளப் பார்த்த காற்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். ஊரே கேலி செய்த எடை அன்று அவரைக் காப்பாற்றியது. சக்கரத்தில் அவருடைய சிரித்த முகம் தலைகீழாகவும் நேராகவும் சுற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. கடைசி வளைவில் 'டிங்' கேட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். மிச்சக் கம்பிகள் தாங்கின. கயிறு கட்ட ஆள் எழுந்தபோது சார் உள்ளே நுழைந்துவிட்டார். பிறகு ஓடினார், நடந்தார், பெரும்பாலும் நடந்தார். கடைசி ஆளாக வந்து, சாமியானாவைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம் பதக்கம் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை இறைவணக்கத்தில் கைதட்டல் ஓயவில்லை. ஆனால் பாவம், கால்வலியில் மேடைப் படியில் பக்கவாட்டாகத்தான் ஏறினார். ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளை வந்தது. விசிலை வாயில் வைக்கப் போனவரை அந்தப் பெண் கையைத் தூக்கி நிறுத்தினாள். "சார், கோச்சிக்காதீங்க. அங்க நீங்க இன்னா பண்ணீங்கன்னு நாங்க யாரும் பாக்கல. நான் கேட்டது இந்த கிரவுண்டுல ஒரு ரவுண்டு."

ஜன்னலில் நின்ற எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சார் அவளையே பார்த்தார். பிறகு விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "ஊது" என்றார்.

ஊதினாள். அவர் ஓட ஆரம்பித்தார். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதல் மூலை திரும்பும்போது அந்தப் பெண்ணும் பின்னால் ஓடினாள். அவள் பின்னால் வகுப்பு முழுவதும். ஒருத்தர்கூட அவரைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் அவரைத் தாண்டாமல் ஓடுவதுதான் மிகவும் கஷ்டம். நான் நடத்திக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்திவிட்டேன். என் பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலில் இருந்தார்கள். சுற்று முடிந்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கும் ஓடலாமா சார்?" என்று கேட்டாள் அவள், விசிலை நீட்டியபடி.

 மூச்சு வாங்கிக்கொண்டே அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நாளைக்கி நீ ஓடு. நான் ஊதறேன். இப்ப மொதல்ல எல்லாரும் சேர்ந்து என்னைத் தூக்கி வுடுங்க."