வால்நட்சத்திரத்துக்கு ஜாக்கி

சிலுவைமுத்துவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் தொண்ணூற்றாறில் செம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போயின. அப்போது அவர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை பார்த்தார்; வண்டியைத் தாங்கும் ஜாக்கிகளைத் தரையில் ஊன்றாமலே துளை போடச் சொன்னார் இன்ஜினியர்.

"வண்டி எந்திரிச்சிரும் சார்."

"நீ இன்ஜினியரா?" என்று கேட்டுவிட்டு அவரே லிவரை அழுத்தினார். அடியில் பாறை. குழாய் இறங்கவில்லை, வண்டிதான் எழும்பியது. திரும்ப விழுந்தபோது சிலுவைமுத்துவின் விரல்கள் அடியில் நசுங்கின. பழி சிலுவைமுத்து மேல் விழுந்தது. பிறகு எந்த வண்டிக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. பழனி ரோட்டில் வெல்டிங் பட்டறை போட்டார்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஆனந்த்ராஜ், ஒரு வரைபடத்தோடு பட்டறைக்கு வந்தார். அந்த மார்ச்சில் ஐரோப்பாக்காரர்கள் ஒரு விண்கலம் அனுப்பியிருந்தார்கள். பத்து வருஷம் பறந்து வால்நட்சத்திரம் ஒன்றை எட்டி, அதில் ஓர் இயந்திரத்தை இறக்கித் துளை போட வேண்டுமாம். கல்லூரிக் கண்காட்சிக்கு அதன் மாதிரி வேண்டும். மூன்று கால், நடுவில் மோட்டாரில் சுற்றும் துளைக்கம்பி.

"அங்க அது எம்புட்டு எடை இருக்கும் சார்?"

"இங்க நூறு கிலோ. அங்க ஒரு காகிதம் அளவுதான்."

"அப்ப காலை வச்சதுமே எகிறிருமே! துளைச்சா அதுவே சுத்தும். தரையைக் கவ்விப் பிடிக்க ஒண்ணும் இல்லையா?"

"நெசக் கலத்துல ஈட்டி ரெண்டு இருக்கு. நமக்கு எதுக்கு? மேசையில நின்னாப் போதும். எட்டாவது படிச்சிட்டு ராக்கெட் பேசாதப்பா, காலை ஒட்டு."

சிலுவைமுத்து காலை ஒட்டிக் கொடுத்தார். அன்று மதியம், யாரும் கேட்காத இரண்டு கொக்கிகளைக் கம்பியில் அடித்து வளைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்காட்சியில், இறுக்கிய மண் தட்டின் மேல் மாதிரி நின்றது. "இறங்கும், நிக்கும், துளைக்கும்" என்று ஆனந்த்ராஜ் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சிலுவைமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பந்தல் கம்பில் ஒரு கப்பியை மாட்டினார். கயிற்றின் ஒரு முனையில் மாதிரி, மறுமுனையில் மணல் பை. இரண்டும் சரிக்குச் சரியாகத் தொங்கும்வரை மணலை அள்ளிப் போட்டார்.

"இப்ப எடை இல்ல. சுவிட்சைப் போடுங்க சார்."

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் ஆனந்த்ராஜ் சுவிட்சைப் போட்டார். கம்பி மண்ணைத் தொட்டதும் அந்த மாதிரி இயந்திரமே சுழன்று, மேசை விரிப்பையும் சுருட்டிக்கொண்டது.

"ஏலே, வாத்தியாரையும் சேத்துச் சுத்திரும் போல!" என்றது கூட்டம்.

சிலுவைமுத்து சிரிக்கவில்லை. கொக்கிகளைக் கால்களில் மாட்டி மண்ணில் அறைந்தார். இந்த முறை கம்பி நேராக இறங்கியது.

ஆனந்த்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். "இந்தச் செயல்விளக்கம் எங்கள் துறை திட்டமிட்டது..."

சிலுவைமுத்துவுக்கு, போன விரல்களின் அடி விண்ணென்று தெறித்தது.

"திட்டமா? எட்டாவதுன்னு ஏசுனீகளே, அதுவும் திட்டமா?" இரண்டு கொக்கிகளையும் பிடுங்கிப் பையில் போட்டார். "காலு உங்களது. கொக்கி என்னது."

அவர் வாசலை எட்டும்போது பின்னால் ஒரு பெண் ஆனந்த்ராஜிடம் கேட்டாள்: "சார், இன்னொரு தடவை ஓட்டிக் காமிங்க."

கொக்கி இல்லாத மாதிரியின் சுவிட்சுச் சத்தம் கேட்கவில்லை.