அக்கா ஜாடையில் ஒரு டைனோசர்

என் மாமா, அதாவது அக்காவின் கணவர், அருங்காட்சியகத்தில் பிளாஸ்டர் வேலை பார்க்கிறார். அங்கே கூடத்தின் நடுவில் நிற்கும் டைனோசர் இலைதழை தின்னும் இனம். அந்த இனத்தில் அதுவரை உலகத்துக்குக் கிடைத்திருந்தது இரண்டு பல், ஒரு வால் எலும்பு, தொடையில் பாதி. மீதி முழுக்க மாமா.

தலைக்கு மாதிரி எதுவும் இல்லை. "மெல்லுற மாதிரி இருக்கட்டும்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா வீட்டுக்கு வந்தார். அக்கா முட்டைக்கோஸை மென்றபடி, அவர் சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பாமல், அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. மறுநாள் அது அப்படியே பிளாஸ்டரில் இறங்கிவிட்டது.

அதிலிருந்து மாமாவுக்கு ஒரே பயம், அக்கா அதைப் பார்த்துவிடக் கூடாது. "அங்க என்ன இருக்கு, வெறும் தூசி" என்றே பல வருடம் ஓட்டினார். தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த வீட்டில்தான் சாப்பாடு.

போன மாதம் எங்கோ மண்டையோட்டின் ஒரு துண்டு கிடைத்தது. ஒடுங்கிய மூஞ்சியாம், மாமா செய்தது தப்பாம். தலையை அறுத்துப் பின்வாசல் குப்பையில் போடச் சொன்னார்கள். தொல்லை விட்டது என்று போட்டுவிட்டு வந்திருக்கலாம். மனிதர் அதைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

அக்கா போர்வையை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான்தான?"

"ஆமா. குப்பையில போட மனசு வரல."

"அப்ப உடம்பு யாரு?"

மாமா என் பக்கம் திரும்பினார். "இவன் சாப்பிட்டுப் படுத்திருந்தப்போ வயித்த மட்டும் அளவெடுத்தேன்" என்றார். அது எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஜனங்க டிக்கெட் வாங்கியா பாத்தாங்க?" என்றாள் அக்கா.

"ஆமா. பக்கத்துல நின்னு போட்டோல்லாம் எடுத்துக்கிட்டாங்க."

அக்காவின் தாடை இடது பக்கம் ஒதுங்கியது. மாமா தொலைந்தார் என்று நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

"ஊரே பாத்திருக்கு. ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"நாளைக்கே போலாம்" என்றார் மாமா, அவசரமாக.

இனிப் போனால் அங்கே பார்க்க என் வயிறுதான் இருக்கிறது.