எங்கள் மத்தியான நேரத்திலும்

செபமாலையின் நடுவில் மகள் கேட்டாள்: "அப்பா, 'எங்கள் மரண நேரத்திலும்' எண்ட இடத்தில மட்டும் ஏன் வாயை மூடுறீங்கள்?"

"கொட்டாவி பிள்ளை" என்றேன்.

சண்டைக்கால இடப்பெயர்வில், உடையார்கட்டு என்ற ஊரில், தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மா செபமாலை சொல்லும்போது, சின்னப் பெடியனான எனக்குப் பசிதான் பெரிது. "எங்கள் மத்தியான நேரத்திலும்" என்று கத்துவேன். கஞ்சி கொடுப்பது அப்போதுதானே! அக்கா கிள்ளுவாள்.

"விடடி, மாதாவுக்கு விளங்கும்" என்று கண்ணை மூடியபடியே அம்மா சிரிப்பா.

ஒரு மத்தியானம், கஞ்சி வரிசையில் செல் விழுந்து வெடித்தது; காயப்பட்ட அம்மாவைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. அன்றைக்குத்தான் அந்தச் செபத்தைப் பகிடியில்லாமல், ஒரு சொல்லும் பிழைக்காமல், நெஞ்சு வெடிக்கச் சொன்னேன். முடிக்க முதலே மூச்சு நின்றுவிட்டது. மாதாவுக்கு விளங்கவில்லை போல.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடம் வருகிறது. பெரிதாக ஒரு கொட்டாவி விடுகிறேன்.